நர்சம்மா வெட்டிக் கொடுத்த நுனி

எஸ்தர் நர்சம்மா இறந்துவிட்டார். நேற்று விடியற்காலை... நெஞ்சுவலி என்கிறார்கள்.

எங்கள் மலைமேல் குண்டூர் நாட்டு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். ரிட்டயர் ஆன பிறகும் மலையைவிட்டுக் கீழே இறங்காமல் எங்கள் அடுத்த வீட்டிலேயே இருந்துவிட்டார்.

நல்லவர் என்று எல்லோரும் இந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. இன்னும் போகவில்லை.

என் மகள் செல்வி சேலத்திலிருந்து ஒரு சின்னத் தொட்டிச்செடி வாங்கி வந்தாள். தடித்தடியாக இலை, ரோஜாப்பூ மாதிரி அடுக்கு. சக்குலன்ட் என்று பெயர் சொன்னாள். மறு வருஷம் செல்வி காய்ச்சலில் இறந்துபோனாள்... செடி மட்டும் என் ஜன்னலில் இருந்தது.

ஒரு நாள் இலையெல்லாம் சுருங்கத் தொடங்கியது. நர்சம்மா ஜன்னல் நிறைய அதே ஜாதிச் செடிகள் வளர்ப்பவர். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நல்லம்மாக்கா, மிளகுக்கொடிக்கு ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கீங்க. வேர் அழுகிப்போச்சு. தண்ணிய நிறுத்துங்க" என்றார். தொட்டியைக் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

நிறுத்தினேன். செடி வற்றிச் செத்தது. மண்ணை உதறினால் வேர் முழுக்க வெள்ளை வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி! பூச்சி வேரை உறிஞ்சியது போதாதென்று நாங்களும் தண்ணீரை நிறுத்தியிருக்கிறோம்.

பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்கவே கேட்டேன். "ஏனுங்க நர்சம்மா, நாடி பாக்காமயே மருந்து சொல்லுவீங்களா? எம்புள்ள செடிங்க அது!"

அதோடு பேச்சு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

போன வாரம் என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தொட்டி. அதே செடி...

"அன்னைக்கு நீங்க வேலியோரம் வீசினதுல ஒரு இலை பச்சையா கிடந்துச்சு. ஸ்பிரிட்டுல துடைச்சு வச்சுப் பாத்தேன், பிடிச்சுக்கிச்சு. நல்லா வளந்ததும் தரலாம்னு இருந்தேன். இந்த மூடுபனியில அடித்தண்டு கருத்துட்டு வருது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்க பாருங்கக்கா."

"மறுபடி பூச்சியாத்தானுங்க இருக்கும்" என்று தொட்டியைக் கவிழ்த்தேன். வேரில் பூச்சி இல்லை. தண்டின் அடிதான் கொழகொழவென்று இருந்தது.

"இப்பவாவது அழுகல்னு ஒத்துக்குவீங்களா?"

"இன்னைக்குச் சொல்ல வேண்டியத அன்னைக்கே சொல்லிப்போட்டீங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்த அழுகல் பூசணம் தண்டுக்குள்ளேயே மேலே ஏறுமாம். அழுகலுக்கு மேலே வெட்ட வேண்டும், வெட்டின இடத்தில் பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தார், ஊசி போட வந்தவர் மாதிரி. கை அவருடையது, கண் என்னுடையது.

"பாருங்க, உள்ள சுத்தமா?"

"இல்லீங்க. பழுப்பா வட்டம் தெரியுதுங்க."

இன்னொரு வெட்டு. "இப்ப?"

"இருக்குதுங்க..."

வெட்ட வெட்ட செல்வியின் செடி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கட்டைவிரல் நுனி அளவுதான் மிச்சம். உள்ளே வெளிர்ப்பச்சை. ஒரு கறை இல்லை.

"உடனே மண்ணுல வைக்காதீங்க. ஈரமா வச்சா மறுபடி அழுகிடும். வெட்டு வாய் காயட்டும், நான் வந்து பாத்துச் சொல்றேன்."

சரி என்றேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. அன்றைக்கே தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கலாம் அவர்...

நேற்று மத்தியானம் அவர் தம்பி வந்து ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். ரோட்டோரம் நின்று பார்த்தேன். முதல் வளைவுக்கு அப்பால் பனியில் ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை அந்த நுனியை எடுத்துப் பார்த்தேன். வெட்டு வாய் காய்ந்தது போலத்தான் இருக்கிறது. தொட்டால் லேசாக ஈரம் போலவும் இருக்கிறது. யாரிடம் காட்டுவது...

மண்ணில் வைத்துவிட்டேன்.

போய் வாருங்கள், எஸ்தர் நர்சம்மா.