எதிர்ச்சாரி பெஞ்சு

பாத்திரக்கடை அக்கா வாயைத் திறந்தால் நகராட்சி எஞ்சினியருக்கே வியர்க்கும். பழைய கடைத்தெருவைப் புதுப்பிக்கச் சொல்லி அவரை விடாமல் துரத்தி, நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வாங்கிவிட்டாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையும் போர்டைத் துடை, பெயின்ட் அடி என்று உயிரை எடுத்தாள்.

வேலை முடிந்ததும் எஞ்சினியர் போட்டோ எடுக்க வந்தார். எதிர்ச்சாரிப் பெஞ்சில் அக்காவின் வீட்டுக்காரர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

“கடையில யாரு இருக்கிறது?” என்று அக்கா முறைத்தாள்.

“இப்படி வந்து உக்காரு, சொல்றேன்.”

உட்கார்ந்து நிமிர்ந்தாள். தெருவே பளபளத்தது. அவர்கள் கடைப் போர்டில் மட்டும் அழுக்கு அப்பி, எழுத்தே தெரியவில்லை.

அக்கா எழுந்து போர்டின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். பிறகு எஞ்சினியரிடம் மெதுவாகச் சொன்னாள்:

“தம்பி, போட்டோவை நாளைக்கு எடுத்துக்கலாம். விளக்கு மாட்டின ஏணியை மட்டும் விட்டுட்டுப் போங்க.”