பங்கஜம் சிஸ்டர் மறித்த தெரு

புது வண்டி ஒன்றின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது கடைக்குப் போன் வந்தது. பங்கஜம் சிஸ்டர் போய்விட்டார் என்றார்கள். வண்டி வாங்க வந்தவர் நல்ல நேரம் முடிகிறதே என்று தவித்தார். பழத்தை நசுக்கி அவரை அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினேன். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே முகம் சுளித்த ஒரு பெண்மணிக்காக ஆரணியில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்கு விடுமுறை. கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார், சிலரைத் திட்டியும் இருப்பார். எனக்கு இரண்டும் நடந்தது. தொண்ணூறுகளில் நான் கடை திறந்த புதிதில், வெள்ளைப் புடவையில் தினமும் சைக்கிள் மிதித்துப் போன அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தவணையில் ஒரு மொபெட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இன்னாண்ணா, நீங்க வித்துகினே இருக்கறீங்க, நான் கட்டு கட்டிகினே இருக்கறேன். நம்ம ரெண்டு பேருக்கும் வேலைக்குக் கொறச்சலே இல்ல" என்று சொல்லி எழுந்துவிட்டார். வியாபாரம் நடக்கிற இடத்தில் இது என்ன பேச்சு என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த மாதமே என் அம்மா ஒரு மொபெட் இடித்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபோது, ராவும் பகலும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அது நான் விற்ற வண்டி இல்லை என்று கேட்காமலே சொன்னேன். "அப்பாடா" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

படவேடு பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்காது. பிள்ளை பெற்றவளும் வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாக வேண்டும். ஒரு நாள் பச்சை உடம்புக்காரி ஒருத்தியைக் கைபிடித்துக் கூட்டிவந்து, சிஸ்டர் நடுரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். "இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்று கண்டக்டர் கத்தினார். "அது தெரியும். அதான் நிறுத்தினேன்" என்றார் இவர். சில மாதம் இப்படியே நிறுத்தினார். கடைசியில் அங்கே நிறுத்தம் வந்தது, வேறு வழியில்லாமல்.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்துப் போராடியது நெசவாளர் தெருவுக்காக. அந்தத் தெருக்கோடியில் பள்ளிக்கூடம். ஒரு நாள் அரிசி ஆலைக்குப் போன நெல் லாரி ஒன்று திரும்பும்போது ஒரு மாணவியின் கால் சக்கரத்தடியில் நசுங்கியது. கட்டுப் போட்டவர் சிஸ்டர். அவள் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கால்தான் இருந்தது. அது ஆறுவதற்குள், பஜாரில் நெரிசல் அதிகம், இனி எல்லா லாரிகளையும் அந்தத் தெரு வழியாகவே விடலாம் என்று பேச்சு கிளம்பியது. அதிகாரிகள் தெருவைப் பார்வையிட வருவதாகவும் சொன்னார்கள்.

ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் தெருநெடுக மூங்கில் கால்களை நட்டு, தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக் கஞ்சி தடவுவார்கள். எப்பேர்ப்பட்ட முரட்டு டிரைவரும் பாவைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டிவிடுவார்கள். பிள்ளைகள் வருவது அதற்குப் பிறகு. சிஸ்டர் நெசவாளர் ஏழுமலையிடம் போனார். "இழைக்கு நிக்கற லாரி புள்ளைங்களுக்கு நிக்காதா? அதிகாரிங்க வர்ற அன்னிக்கு ஒரு நாள், பள்ளிக்கூட மணி அடிக்கற வரைக்கும் பாவ எடுக்காதீங்க."

"வெயில் ஏறிச்சின்னா இழை பட்டுபட்டுன்னு அறுந்துபூடும் சிஸ்டர். கல்யாணப் புடவைங்க" என்றார் ஏழுமலை. என்றாலும் எடுக்கவில்லை.

அன்று கோஷம் இல்லை, கொடி இல்லை. ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதிகாரிகள் இறங்கி, பாவின் இருபுறமும் பை சுமந்து போன பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தெருக்கோடி வரை நடந்தார்கள். நடந்தவர்களுக்குத் தெரு புரிந்தது. பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை லாரி நுழையக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பாவு மட்டும் பாழ். கஞ்சி இறுகி இழை இழையாக அறுந்து கிடந்தது. ஏழுமலையின் மனைவி அழுதார். சிஸ்டர் டூட்டி முடிந்து நேராக வந்து உட்கார்ந்தார். "கிழிஞ்ச தோலத் தைக்கற கைக்கு இழை முடியத் தெரியாதா?" என்று முடிச்சுப் போட ஆரம்பித்தார். எல்லாம் ஆஸ்பத்திரி முடிச்சு, கட்டை கட்டையாக. அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவே சிரித்துவிட்டார். "இது பட்டு சிஸ்டர், புண்ணு இல்ல" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி முடிந்தார். அந்த வாரம் முழுக்க சிஸ்டர் வந்துகொண்டே இருந்தார். வார முடிவில் அவர் முடிச்சும் மெலிந்திருந்தது.

உத்தரவுப் பலகை துருப்பிடித்துப் போனது. அதை யாரும் படித்ததும் இல்லை. ஏழுமலைதான் பாவைச் சுருட்டிய பிறகும் மூங்கில் கால்களை மட்டும் மணி அடிக்கும் வரை விட்டுவைத்தார். பாவு இருக்கிறது என்று நினைத்து லாரிகள் திரும்பிப் போயின. பிறகு, இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் போயின.

பஜாரில் நடைபாதை வேண்டும் என்று சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகும் அலைந்தார். அது நடக்கவில்லை. "பஜார்ல மாட்டுக்கு வழி இருக்குது, மனுசனுக்கு இல்ல" என்பார். என் கடை வண்டிகள் ரோட்டில் நிற்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்.

மறுநாள் காலையிலேயே சிஸ்டரின் உடலை எடுத்துவிடலாம் என்று முடிவானது. நான் வேன் ஏற்பாடு செய்தேன். சிஸ்டரின் தம்பி ஒரு பார்வை பார்த்தார். வேனைத் திருப்பி அனுப்பிவிட்டோம், தோளில்தான் தூக்கினோம். சுடுகாட்டுக்குக் குறுக்கு வழி நெசவாளர் தெரு. திரும்பினால், தெருவில் ஈரப் பாவு நீண்டு கிடக்கிறது. ஏழுமலை ஓடிவந்தார். "இன்னிக்கு நீட்டாம வுட்டா லாரி பூந்துடும்ண்ணா, அது அவங்களுக்கே ஆவாது. அதான் நீட்டினேன். இதோ எடுத்துடறேன்" என்று அழுதுகொண்டே மூங்கில் காலைப் பிடுங்கப் போனார். பிள்ளைகள் ஓரமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டும் ஏழுமலை. இன்னும் மணி அடிக்கல" என்றேன்.

சுற்றிக்கொண்டு பஜார் வழியாகப் போனோம். ஊரே நடந்தது. நடுரோட்டில், அவசரமில்லாமல். பின்னால் பஸ்ஸும் லாரியும் நான் விற்ற வண்டிகளும் வரிசையாக நின்றன. ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை. பஜாரில் மனுசனுக்கு அன்று வழி கிடைத்தது.

அவருடைய சைக்கிள் தம்பி வீட்டில் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம்தான். காலையில் நெசவாளர் தெருமுனை வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஊருக்கே வண்டி விற்கிறவன் வண்டி தள்ளுவதைப் பார்த்து, "இன்னாங்க, பெட்ரோல் இல்லியா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.