கெளுத்தி வாயில் கிடைத்த உருண்டைகள்

எழுபதுகளில் எங்கள் ஊர் எருத்தேன்பதியில் கடல் மீன் கிடைப்பது அபூர்வம். பொன்னானிக் கடற்கரையிலிருந்து ஐஸ் போட்டுச் சித்தூர் சந்தைக்கு வந்தால்தான் உண்டு. அப்படி ஒருநாள் என் கணவர் இரண்டு கடல் கெளுத்தி வாங்கிவந்தார். ஒன்றைக் குழம்பு வைத்தேன். வயலுக்குத் தண்ணீர் முறை வந்துவிட்டதென்று அவர் மட்டும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மற்றதை உப்புக்கண்டம் போடலாமென்று அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். வயிற்றைக் கீறினால் உள்ளே இரை எதுவுமே இல்லை. வாயைப் பிளந்தேன், கோலிக்குண்டு அளவில் மஞ்சள் உருண்டைகள் பொலபொலவென்று விழுந்தன. எங்கள் பக்கத்தில் குளத்து மீனைப் பிடிக்கச் சிலர் விஷமுள்ள காக்காய்க்கொல்லி விதையை அரைத்து மாவோடு பிசைந்து, இப்படித்தான் உருட்டிப் போடுவார்கள். முதல் மீனின் தலையை நான் வாயைப் பார்க்காமலே வெட்டி எறிந்திருந்தேன். போச்சு, விஷ மீனை அவருக்குப் போட்டுவிட்டேன்!

மாமியாரிடம் கத்திச் சொல்லிவிட்டு வரப்பில் ஓடினேன். தண்ணீரைத் திருப்பிவிட்டு அவர் புளியமரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பிடித்து உலுக்கினேன்.

"ஏனுங்க, எந்திரிங்க! மீனுல வெசமுங்க!"

அதுவரை குறட்டை விட்ட மனிதருக்கு அந்த நொடியே வயிற்றுவலி வந்துவிட்டது. "ஆமா புள்ள, சுருக்குனு இழுக்குது" என்று குனிந்தபடியே வீட்டுக்கு நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவர் வண்டி பூட்டும்போது, உள்ளே மாமியார் ஓர் உருண்டையை நகத்தால் கிள்ளிவிட்டார்.

"அட, மாவு இல்ல சாமி, மீன் குஞ்சு! வாலுகூட இருக்குது பாரு."

பார்த்தேன். மெல்லிய தோலுக்குள் சுருண்டு கிடந்தது. கருப்பாய் இரண்டு கண்கள். அப்பாடா! அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். அவருடைய வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் என் கணவரே பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டுவந்து விளக்கினார். கரையோரச் சேற்றிலும் கழிமுகத்திலும் திரிகிற மீனாம். பெண் இடும் முட்டைகளை ஆண்தான் வாயில் வைத்துக் காக்குமாம். குஞ்சுகள் தானே நீந்தும்வரை பட்டினியாம். ஏதோ தானே சுமந்தவர்போல அவ்வளவு பெருமை!

பிறகு, மிச்சக் குழம்பைச் சுடவைக்கச் சொன்னார். தட்டு வைத்து நான் ஒதுங்கி நின்றேன். அவர் கை வைக்கவில்லை.

"நீயும் ஒக்காரு புள்ள. போனாச் சேந்தே போலாம்."

கல்யாணமானதிலிருந்து அன்றுதான் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.