உபதேசியார் தின்ற முறுக்கு

உலக மதங்களைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் படித்தவன் நான். ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கத்தோலிக்கர்கள் ஒருசந்தி என்று உபவாசம் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அறுபதுகளில் செஞ்சியில் வேலை பார்த்தேன். பண்டிகைக்கு நான் ஊருக்குப் போவதால், மாதா கோயில் உபதேசியார் முந்தின மாலையே பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டார். ஒட்டடைக்கம்பு போல உயரம். விருந்தாளி தின்னும்வரை உட்காரமாட்டார். முறுக்கும் கல்கலாவும் குவித்த தட்டை வைத்துவிட்டு நின்றார்.

"நீங்களும் எடுத்தாத்தான் நான் தொடுவேன். எங்கிட்ட வித்தியாசம் பாக்காதீங்க" என்றேன் பெருந்தன்மையாக.

தோள்துண்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

உள்ளிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். "இன்னாங்க இது! ஒருசந்தியாச்சே! சின்ன வயசுலேருந்து ஒரு வருசங்கூட விட்டதில்லியே!"

"சும்மா இரு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். வந்தவரு மனசு நோவக்கூடாது."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று சௌகரியமாக இருந்திருக்கும். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தட்டையே பார்த்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

ஊருக்குப் போய் மனைவியிடம் சொல்லித் தலைகுனிந்து உட்கார்ந்தேன்.

"அவரு தின்னது ஒரு முறுக்குதானே?" என்றாள் அவள். "தட்டுல மிச்சம் எதாச்சும் வச்சீங்களா?"