ஈரக் கையோடு இரண்டாம் பண்ணைக்கு

இறால் பண்ணைகளைச் சுற்றிப் பார்க்க மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து காலை ஏழரைக்கு ஆட்டோவில் கிளம்பினேன். போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் ரவி வாய் ஓயாதவர். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் கடல் இடப்பக்கம் ஒளிந்து ஒளிந்து கூட வந்தது. கால்வாயோரம் இறால் குட்டைகள், வானத்தைச் சதுரம் சதுரமாக அறுத்துப் போட்டதுபோல.

முதல் பண்ணை ஏகாம்பரத்துடையது. வளராத இறாலை அவசரமாக வாரிக்கொண்டிருந்தார். தலை ஓட்டில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர், வலை, காக்கை, ஈரக் கை, எதில் வேண்டுமானாலும் ஏறி அடுத்த குட்டையையும் காலி செய்துவிடும் நோய். ஒன்றை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன்.

"வெளிய சொல்லிடாத சார். வியாபாரி பாதி வெலைக்குக் கேப்பான். பேஜாரு." ஒரு கிலோவைப் பையில் போட்டு ஆட்டோவில் வைத்தார். "துன்னா நமக்கு ஒண்ணும் ஆவாது."

இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கஸ்தூரியின் பண்ணை. வாசலில் வயலட் நிற மருந்துத் தண்ணீர்த் தொட்டி. காலை நனைக்காமல் கரையேற முடியாது. வேறு பண்ணைக்குப் போய் வந்தவருக்கு அன்றைக்கு அனுமதியே கிடையாது.

"வேற எங்கனா பண்ணைக்குப் போய்ட்டு வரீங்களா?" என்றார் கஸ்தூரி.

"இல்லம்மா. நேரா மாமல்லபுரத்துலேர்ந்து."

ஏகாம்பரத்துக்காகச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி வழியில் திரும்ப மனமில்லை, அதுதான் நிஜம்.

அவர் தண்ணீருக்குள்ளிருந்து தீவனத் தட்டைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடித் துண்டுகளாக இறால்கள் துள்ளின. "போன தபா மொத்தமும் பூட்ச்சி. இந்த அமாவாசை தாண்டிட்டா புடிச்சிடலாம்." தட்டில் கைவிட்டு ஒன்றை எடுத்தேன். நழுவிக் குட்டையில் விழுந்தது.

வாசலிலிருந்து ரவி பையை உயர்த்திக் காட்டினார். "அக்கா, ஏகாம்பரம் குடுத்தாரு. உனக்கே இறாலு கொண்டாந்துகிறோம் பாரு."

கஸ்தூரி சிரிக்கவில்லை. போய்ப் பைக்குள் பார்த்தார். பிறகு என் கையை.

"எத்தினி குட்டையில கைய வச்சீங்க?"

"இது ஒண்ணுதான்."

வலைக்காரருக்குப் போன் போட்டார். "இன்னிக்கே புடிச்சிடலாம் வா அண்ணாத்த. ஆமா, சின்னதுதான், இன்னா பண்றது. மீதி ரெண்டு குட்டையாச்சும் தப்பட்டும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "யாரும் வரல. காக்கா எதுனா கொண்டாந்து போட்டிருக்கும்."

ஆட்டோவில் திரும்பினோம். மாமல்லபுரத்தில் உணவகங்களின் முன் இறால் வறுவலுக்குக் கூட்டம் காத்திருந்தது. குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்த நோய் மனிதரை ஒன்றும் செய்யாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.