படம் வரும்வரை கமலாக்கா பேசிய பேச்சு

வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் போய் "அந்தச் சுவரைக் கொஞ்சம் ஆடவிடுங்களேன்" என்று யாரும் கேட்பதில்லை. வெப்சைட் செய்கிறவளிடம் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். எழுத்து ஓட வேண்டும், படம் மின்ன வேண்டும், திறந்ததும் பாட்டு வர வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் இப்போது தலையாட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாம் ஒரே படகில்தான் உட்கார்ந்திருக்கிறோம், அதுவும் தண்ணீர் ஏறுகிற படகு.

நான் இந்தப் படகில் ஏறியது தொலைபேசிக் கம்பி வழியாக இன்டர்நெட் முனகிக்கொண்டு வந்த காலத்தில். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் பென்னி சேட்டனின் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பென்னி சேட்டன், நான், இரண்டு கம்ப்யூட்டர், நாள் முழுவதும் தும்மல். எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் இங்கிலீஷ். தமிழ் எழுத்து நான் காலண்டர் பார்த்துக் கற்றுக்கொண்டது. இதில் பிழை இருந்தால் காலண்டர் அச்சடித்தவரைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஓடுகிற போன் நம்பர்

எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர் மீரான் ராவுத்தர், அரிசி மொத்த வியாபாரி. கடையின் பெயர் இடமிருந்து வலமாக ஓட வேண்டும் என்றார், ஓடவிட்டேன். அரிசி மூட்டை சுற்ற வேண்டும் என்றார், சுற்றவிட்டேன். கடைசியில் போன் நம்பரையும் ஓடவிடச் சொன்னார். அதற்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பிறகு எங்கள் ஊர் பிராட்வேயில் கடை வைத்திருக்கும் ஒருவர் அவரை நேரில் பார்த்துப் புலம்பியிருக்கிறார். நம்பரைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறப்பதற்குள் அது அந்தப் பக்கம் போய்விடுகிறதாம், திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் கடைக்கு ஓடினேன், நம்பரை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். ராவுத்தர் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"காசு குடுத்து வாங்கினது சும்மா நின்னா நல்லாவா இருக்கும் மோளே? அவரு எப்படியும் நேர்ல வந்தாருல்ல."

எண்ணுகிற பெட்டி

அந்தக் காலத்தில் எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அது எண்ணிக் காட்டும். ராவுத்தரின் பெட்டியில் எண்ணிக்கை எகிறிக்கொண்டே போனது. பென்னி சேட்டனுக்குத் தலைகால் புரியவில்லை, அதைக் காட்டி வேறு கடைகளில் ஆர்டர் பிடிக்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

எனக்குச் சந்தேகம். ஒரு மத்தியானம் கடைக்குப் போனேன். வெப்சைட்டைப் பார்ப்பதற்காகவே வாங்கிய கம்ப்யூட்டர் முன்னால் ராவுத்தர் உட்கார்ந்து, பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியில் ஒரு எண் ஏறியது. அவருக்கு அதில் கூச்சமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்:

"கடையில கூட்டம் இல்லேன்னா நம்ம ஆளுங்களே நாலு பேரு நிப்போம்ல, அதுபோலத்தான்."

யாருமில்லாத கட்டில்

கமலாக்காவை அனுப்பிவைத்ததும் ராவுத்தர்தான். அவர் கடைக்குப் பின்சந்தில் வீடு. புருஷன் கார்ப்பரேஷனில் பம்ப் ஆபரேட்டராக இருந்து, முந்தின வருஷம் இறந்துபோனார். வீடு புருஷனுக்கும் அவர் தம்பி சுரேந்திரனுக்கும் பொது. சுரேந்திரன் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடும்பமாக இருந்தார். ஒரு ஓட்டல்காரர் அந்த வீட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். சுரேந்திரன் கெட்டவர் இல்லை, அவருக்கும் இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டும். ஒரு சீசன் பார்க்கலாம், வெளிநாட்டுக்காரர்கள் மாடியில் வந்து தங்கினால் வீடு இருக்கட்டும், இல்லையென்றால் விற்றுவிடலாம் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார். விற்றால் கமலாக்காவுக்குப் போக இடமில்லை. ஆக, அந்த வெளிநாட்டுக்காரர்களைக் கூப்பிட நான் செய்யப்போகிற வெப்சைட்தான் அவருக்குக் கூரை.

இரவல் கேமராவோடு படம் எடுக்கப் போனேன். மாடிப்படி என்று ஒன்று இருக்கிறதே, ஏணிக்கு அண்ணன். ஏறி முடிக்கிற இடத்தில் குறுக்கே ஒரு உத்தரம். நெற்றியில் வாங்கிக்கொண்டு மேலே போனேன். அறை துடைத்துவைத்தது போல இருந்தது. கட்டிலைப் படம் எடுக்கப் போனால் கமலாக்கா குறுக்கே வந்து நின்றார். யாருமில்லாத கட்டிலைப் படம் பிடிக்கக் கூடாதாம். அவர் வீட்டில் முந்தின வருஷம் காலியான கட்டில் எது என்று எனக்கும் தெரியும், அதனால் வாதாடவில்லை. கட்டிலின் ஒரு ஓரத்தில் அவரையே உட்காரவைத்து எடுத்தேன். பென்னி சேட்டன் அந்தப் படத்தைப் பார்த்து, அறையை வாடகைக்கு விடுகிறோமா, அக்காவையா என்று கேட்டார். அதை நான் போய்ச் சொன்னபோது கமலாக்கா சிரிக்கவில்லை.

"ஆள் இருக்கற வீட்டுக்குத்தான் ஆள் வரும், நீ போடு."

படம் வரும்வரை

பக்கம் தயாரானதும் ராவுத்தர் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். லைன் மந்தம். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். கட்டத்துக்குள் ஒரு வரி மட்டும் தெரிந்தது. படத்துக்குப் பின்னால் நாம் எழுதிவைக்கிற வரி அது. படம் வரும்வரை, அல்லது வராமலே போனால், அந்த வரிதான் தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதை எழுதுவதே இல்லை, எழுதினாலும் கடமைக்குத்தான். நானும் "ரூம் ஒன்று", "ரூம் இரண்டு", "மாடிப்படி" என்று போட்டிருந்தேன்.

கமலாக்கா இதென்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வந்தவர்களை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அடுக்களைக்குள் போய்விடுவது போல இருக்கிறதாம். சாயா கொதிக்கும்வரை யாராவது பேச்சுக் கொடுக்க வேண்டாமா என்றார். அன்று முதல் நான் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். ஜன்னலைத் திறந்தால் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வரும், தும்மல் வந்தால் எதிர் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். விடியும் முன்னால் பள்ளிவாசலில் வாங்கு கேட்கும், பின்னால் கோயில் மணி, பிறகு தூங்க முடியாது. குளியலறை கட்டிலுக்கு வலது கைப்பக்கம், வாசலில் ஒரு படி இறங்கும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி இடது பக்கம் மட்டும். கைப்பிடி முடிகிற இடத்தில் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், உத்தரம் இருக்கிறது.

பென்னி சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வார்த்தை போதும் என்கிற இடத்தில் நாவல் எழுதுகிறாயே, போதாததற்கு ஆட்களைப் பயமுறுத்துகிறாயே என்றார். உண்மையில் எனக்கும் அதே பயம்தான். உத்தரத்தையாவது விட்டுவிடலாமா என்று கமலாக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"படத்துல உத்தரம் இடிக்குமா? நாமதான சொல்லணும்."

வந்த கடிதங்கள்

சீசன் தொடங்கியது. சாயங்காலமானால் கமலாக்கா ராவுத்தர் கடைக்கு வந்துவிடுவார், நானும் வேலை முடித்துப் போவேன். மெயில் பெட்டியைத் திறப்போம். எடை குறைக்க மருந்து, லாட்டரியில் பரிசு, மறுபடி மருந்து. அறை கேட்டு ஒருவரும் எழுதவில்லை. ராவுத்தர் பாவம், தன் பெட்டியை விட்டுவிட்டுக் கமலாக்காவின் எண்ணிக்கைப் பெட்டிக்குத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. வாடிக்கையாளரின் வியாபாரம் படுத்தால் தோளைக் குலுக்கிவிட்டுப் போக நம்மில் சிலருக்கு வரும், எனக்கு வரவில்லை.

ஒருநாள் நீளமான ஒரு மெயில். ஏதோ ஒரு தேசத்துப் பெண், புருஷன் இறந்துவிட்டான், பெட்டி நிறையப் பணம் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவர உதவி செய்யுங்கள் என்று எழுதியிருந்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், உலகம் முழுக்கப் போன மெயில். நான் வாசித்துக் காட்டி, ஏமாற்று வேலை என்று சொல்லி அழிக்கப் போனேன். கமலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பணத்தை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"பணம் கிடக்கட்டும். அவ புருஷனும் போயிட்டான்னு எழுதியிருக்கா, ஆறுதலா ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

நெற்றியில் வீக்கம்

கிறிஸ்துமஸும் போனது. சுரேந்திரன் ஓட்டல்காரரைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காட்ட வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஓட்டல்காரர் உத்தரத்தில் இடித்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கி மறுபடி ஏறிய சுரேந்திரனும் இடித்துக்கொண்டார். பிறந்து வளர்ந்த வீடு, இன்னும் இடிக்கிறது.

அவர்கள் போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கமலாக்கா அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தச் சுவருக்கு நீலப் பெயிண்ட் அடிக்க ஆள் பேசினார். விற்கப்போகிற வீட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று சுரேந்திரன் போனில் கேட்டாராம். எனக்கும் அதே கேள்விதான்.

"வரப்போறவங்க அழுக்குச் சுவரையா பார்க்கணும்?"

வந்தவர்

பெயிண்ட் அடித்து முடித்த அன்று மெயில் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஒருவர், தனியாக வருகிறார், பெயர் ஆலன், ஒரு பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாராம். அறை வேண்டும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கமலாக்கா அதை அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார். சுரேந்திரனையும் வரச்சொன்னார், பார்க்கட்டும் என்று.

ஆட்டோ வந்து நின்றது. ஆலன் இறங்கினார், கையில் மடக்கியிருந்த வெள்ளைக் கம்பை நீட்டினார். எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவருக்குக் கண் தெரியாது. சுரேந்திரன் என்னைப் பார்த்தார், நான் கமலாக்காவைப் பார்த்தேன். கமலாக்கா மாடிப்படியைப் பார்த்தார். அந்தப் படியில் இந்த மனுஷன் எப்படி ஏறுவார்? சுரேந்திரன் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனார். ஆலன் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். இடது கையை நீட்டிக் கைப்பிடியைத் தொட்டார், மெல்ல ஏறினார். கைப்பிடி முடிந்த இடத்தில் நின்றார், தலையைக் குனிந்தார், உள்ளே போய்விட்டார். பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய சுரேந்திரன் உத்தரத்தில் இடித்துக்கொண்டார்.

சாயா குடிக்கும்போது ஆலன் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அவருடைய கம்ப்யூட்டர், வெப்சைட்டில் இருக்கிற எழுத்தையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுமாம். படம் வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் வரியைப் படிக்குமாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொச்சியில் அறை தேடியபோது எல்லா வெப்சைட்டும் "ரூம் ஒன்று, ரூம் இரண்டு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதாம். "உங்கள் வீடு மட்டும்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டியது" என்றார். கமலாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், சுக்குத் தூசி என்று சொல்லிவைத்தேன்.

அவர் ஊருக்குப் போய் நண்பர்களிடம் சொல்ல, அவர்கள் இன்னும் சிலரிடம் சொல்ல, மெயில் பெட்டியில் மருந்துக்கும் லாட்டரிக்கும் நடுவே அறை கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. சுரேந்திரன் ஓட்டல்காரரிடம் அடுத்த சீசன் பார்க்கலாம் என்றார், அதற்கடுத்த சீசனும் அதையே சொன்னார், பிறகு ஓட்டல்காரர் கேட்பதை விட்டுவிட்டார். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு, சாயாவை முடித்துவிட்டு ஆலன் மூக்கை உறிஞ்சினார். சுக்கு வாசனை எழுதியிருந்தபடியே வருகிறது, ஆனால் புதுப் பெயிண்ட் வாசனையும் வருகிறதே, அதை வெப்சைட்டில் சொல்லவில்லையே என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கமலாக்கா திடுக்கிட்டுப் போனார், வந்த விருந்தாளியிடம் ஏதோ மறைத்துவிட்டது போல.

"ஐயோ, சொல்லாம விட்டுட்டோமே. எந்திரி மோளே, இப்பவே போய் எழுதிப் போடு, சுவர் நீல நிறம்னும் சேர்த்து."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பக்கங்களை ஆடவும் ஓடவும் மின்னவும் வைத்துவிட்டேன், ஆனால் ஒரு வீட்டைக் காப்பாற்றியது அசையாமல் படத்துக்குப் பின்னால் கிடந்த சில வரிகள்தான் என்று சொன்னால் மீரான் ராவுத்தர் இன்றைக்கும் நம்பமாட்டார், எண்ணிக்கைப் பெட்டிக்காக ராத்திரி பகலாகத் தட்டியது அவர்தானே.