பொண்ணுங்க பெஞ்ச்

ஜீவிதா பத்தாம் வகுப்பு தேறியதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான். பையன்கள் நடுவில் மகள் ஒடுங்கிப்போவாள், பதினொன்றாம் வகுப்புக்குப் பெண்கள் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அம்மா சுகாசினியின் கட்சி. பையன்களும் படிக்கிற இப்போதைய பள்ளியே இருக்கட்டும் என்று அப்பா வேல்முருகன் அசையவில்லை. தான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருப்பதற்கே காரணம் பொண்ணுங்க பெஞ்சுதான் என்பான்.

தாமல் கிராமத்துப் பள்ளியில் அவன் பத்தாவது படித்தபோது, வீட்டுக்கணக்கு போடாத பையனைப் பெண்கள் பெஞ்சில் உட்காரவைப்பது இந்திராணி டீச்சரின் தண்டனை. ஒரு நாள் அது வேல்முருகனுக்கும் கிடைத்தது. "நாளைக்குப் பூ வெச்சிக்கினு வாடா" என்று பையன்கள் ஊளையிட, குறுகிப்போய் உட்கார்ந்தான். பக்கத்தில் துர்கா. "மைனஸ் எங்க போச்சு? மறுபடி போடு" என்று கிசுகிசுத்தாள். அவனுக்கு ஆச்சரியம். பையன்கள் பக்கம் தெரியாது என்று சொன்னால் பட்டப்பெயர் வைத்து ஓட்டுவார்கள். மறுநாள் வேண்டுமென்றே கணக்கு போடாமல் போனான். சீக்கிரமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "இனிமே கணக்கு போட்டுக்கினு வந்தாத்தான் அங்க இடம்" என்றார். போட்டான். தேறினான். ஐடிஐ, வேலையெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

மகள் தேறியதைச் சொல்ல, சின்ன காஞ்சிபுரத்தில் துர்கா வைத்திருக்கும் மருந்துக்கடைக்கு இனிப்போடு போனான்.

"அன்னிக்கி நீ சொல்லிக்குடுக்கலன்னா நான் ஏது? இத்தினி வருசமா வாயால சொன்னதில்ல. ரொம்ப தேங்க்ஸ் துர்கா. அதான் பாப்பாவையும் பசங்களோடயே படிக்க விடறேன்."

துர்கா சிரித்தாள். "உனக்கு நல்லா இருந்துச்சு வேலு. நான் ஒரு நாளாவது எழுந்து டீச்சர்கிட்ட சந்தேகம் கேட்டு பாத்திருக்கியா? நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னு பயம். பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் வாயே தொறந்தேன். உன் பொண்ணு எப்படி? அவளைக் கேட்டியா?"

கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"துர்கா அத்தை உன்னைக் கேக்கச் சொன்னா. பசங்க எதிர்ல எழுந்து டவுட் கேப்பியா பாப்பா?"

"நானா? 'கொஞ்சம் உக்காரும்மா, நான் பாடம் நடத்தணும்'னு சாரே கெஞ்சுவாருப்பா. பசங்க அவனுங்க டவுட்டையும் என்கிட்டதான் சொல்லி கேக்கச் சொல்றானுங்க."

சுகாசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னாடி?"

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினு இருந்தீங்க. என்னை எங்க கேட்டீங்க?"

சுகாசினி கொஞ்சம் யோசித்தாள். "சரி, அங்கியே படி."

வேல்முருகன் துர்காவுக்குப் போன் போட்டான். அவள் எடுத்ததும் ஜீவிதா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தே, ரொம்ப தேங்க்ஸ். இப்பதான் என்னையும் ஒரு வார்த்தை கேட்டாங்க."